மடியில் ஒரு மடக்குக்கத்தி

கல்வராயன் மலையில் மரவள்ளிக் கொல்லை வைத்திருப்பவருக்கு ஒரு நாளில் எத்தனை தடவை கத்தி தேவைப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். காலையில் உர மூட்டையின் தையலைப் பிரிக்க வேண்டும். சொட்டுநீர்க் குழாய் ஓரிடத்தில் வெடித்திருந்தால் அதுவரை அறுத்துவிட்டு இணைப்பைச் செருக வேண்டும். விதைக்குச்சியைக் கரணைகளாக நறுக்க வேண்டும். மாட்டுக் கயிறு இறுகிக் கிடந்தால் முடிச்சோடு வெட்டி எறிய வேண்டும். மதியத்துக்கு ஒரு மாங்காயைக் கீற வேண்டும். கீழே கள்ளக்குறிச்சிச் சமவெளியில் கரும்புக்காரருக்கும் மக்காச்சோளக்காரருக்கும் இதே கதைதான். இந்த வேலைகளுக்குக் கொடுவாள் பெரிது, சவரப் பிளேடு சிறிது. நடுவில் நிற்பது மடக்குக்கத்தி. மடித்தால் சட்டைப் பைக்குள் அடங்கும், விரித்தால் அரை முழத்துக்கும் குறைவு.

அதை வாங்கப் போனால் கடைக்காரர் பளபளப்பைக் காட்டுவார், எஃகின் பெயரைச் சொல்வார், கனமாக இருக்கிறது பாருங்கள் என்று கையில் வைப்பார். இந்த மூன்றும் கடைசியில் கேட்க வேண்டியவை என்பது என் கருத்து. முதலில் பார்க்க வேண்டியது அலகு எவ்வளவு மெல்லியது என்பதை. அடுத்து அதற்குப் பதம் சரியாக ஏறியிருக்கிறதா என்பதை. அதற்கும் அடுத்து, நம் வீட்டுக் கல்லில் அது தீட்டப்படுமா என்பதை. ஏன் இந்த வரிசை என்பதைக் கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் உலோகவியலும் சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

வெட்டுவது என்பது அழுத்தத்தின் வேலை. நன்றாகத் தீட்டிய கத்தியின் வாய் ஏறத்தாழ ஒரு மைக்ரான் தடிமன் இருக்கும். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான். மரவள்ளித் தண்டின்மேல் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கத்தி பதிகிறது, கை ஒரு கிலோ எடை அளவுக்கு அழுத்துகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு கிலோ விழும் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். கணக்குப் போட்டால் சதுர மில்லிமீட்டருக்கு 50 கிலோ. தண்டின் நார் அதற்கு முன் நிற்காது. அதே வாய் மழுங்கி 50 மைக்ரான் ஆகிவிட்டால் அதே கை, அதே அழுத்தம், சதுர மில்லிமீட்டருக்கு ஒரு கிலோவாகக் குறைந்துவிடுகிறது. மழுங்கிய கத்தியால் வெட்டும்போது நாம் தோளைக் கொடுத்து அழுத்துவது இதனால்தான். அப்படி அழுத்தும் வேளையில் கத்தி வழுக்கினால், அத்தனை விசையும் எதிரே இருக்கும் கைக்குப் போகிறது. கூரான கத்தியைவிட மழுங்கிய கத்தியே கையை ஆழமாக வெட்டும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

நேராக அழுத்துவதைவிட இழுத்து அறுப்பது எளிது என்பதும் கைக்குத் தெரிந்த விஷயம். கத்தி பக்கவாட்டில் நகரும்போது நார்கள் நசுங்குவதற்கு முன்பே இழுபட்டு அறுகின்றன. கீழ்நோக்கிய விசை குறைவாகவே போதும். தக்காளித் தோலில் பார்க்கலாம், கயிற்றிலும் பார்க்கலாம். ஆகவே கைக்கத்தியின் அலகு இழுத்து அறுக்கும் அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். ஏழு முதல் எட்டு சென்டிமீட்டர் வெட்டுவாய் இருந்தால் அன்றாட வேலை எல்லாம் நடக்கும்.

வாய் எவ்வளவு கூராக இருந்தாலும் அதன் பின்னால் வரும் உடம்பும் வெட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். இந்த இடத்தில்தான் பல கத்திகள் தோற்கின்றன. முதுகு நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள அலகு பார்க்கப் பலமாகத் தெரியும். கிழங்குக்குள் போனதும் அது வெட்டாது, பிளக்கும். மரவள்ளிக் கரணைக்கு இது நல்லதல்ல. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது தண்டின் நடுப்பகுதியிலிருந்து 15 சென்டிமீட்டர் நீளம், 8 முதல் 10 கணுக்கள் உள்ள கரணை. வெட்டிய முகம் வழவழவென்று இருந்தால் வேர் ஒழுங்காக விடும். நசுங்கிச் சிதைந்த முகத்தில் அழுகல் எளிதாகப் பிடிக்கும். முதுகில் இரண்டு, மிஞ்சினால் இரண்டரை மில்லிமீட்டர் தடிமன். வாய்க்குச் சற்று மேலே அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. வாயின் சரிவு பக்கத்துக்குப் பதினைந்திலிருந்து இருபது டிகிரி. இந்த வடிவம் இருந்தால் சாதாரண எஃகுகூட நன்றாக வெட்டும். இந்த வடிவம் இல்லாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த எஃகும் உதவாது.

கரும்புக்காரருக்கு இதோடு ஒரு வார்த்தை. மறுதாம்புக் கரும்பைக் குட்டையாக்கும் பாக்டீரியா நோய் ஒன்று கத்தியின் வாயில் ஒட்டும் சாறு வழியாகவே ஒரு தூரிலிருந்து அடுத்ததற்குப் போகிறது. விதைக்கரணை வெட்டும் கத்தியை நடுநடுவே கிருமிநாசினியில் நனைத்துத் துடைப்பது பயிரைக் காக்கும் வேலை.

கத்தி ஏன் மழுங்குகிறது என்ற கேள்விக்கு விடை மண்ணிலும் செடியிலும் இருக்கிறது. புல், வைக்கோல், கரும்புத் தோகை, மூங்கில் இவையெல்லாம் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தங்கள் செல்களுக்குள் கண்ணாடித் துகள்போலச் சேர்த்து வைக்கின்றன. அவற்றை அறுக்கும் கத்தி அந்தத் துகள்களோடு ஓயாமல் உரசுகிறது. மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் அதைவிட மோசம். வைர முனையை அழுத்திக் கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் முறையில் நல்ல கத்தி எஃகு 650 முதல் 700 வரை வரும். குவார்ட்ஸ் 1100ஐத் தொடும். அதாவது கொல்லையில் கிடக்கும் ஒரு மணல் பருக்கை நம் கத்தியைவிட அரை மடங்குக்கும் மேல் கடினமானது. பிடுங்கிய கிழங்கை மண்ணோடு அறுத்தால் எந்தக் கத்தியும் சில வெட்டுகளில் மழுங்கும். கிழங்கைத் தட்டித் துடைத்துவிட்டு அறுங்கள். கத்தியைத் தரையில் குத்தி வைக்கும் பழக்கத்தை விடுங்கள். இதற்குச் செலவு ஒன்றும் கிடையாது.

இனிப் பதம். இரும்பைக் கத்தியாக்குவது கரி, அதாவது கார்பன். சாதாரணக் கட்டடக் கம்பியில் கார்பன் 0.2 முதல் 0.3 சதவீதம், அதை எப்படிக் காய்ச்சித் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய கடினம் வராது. லாரி ஸ்பிரிங் பட்டையில் 0.5 முதல் 0.6 சதவீதம், கொடுவாளுக்கும் வெட்டுக்கத்திக்கும் நம் கொல்லர்கள் அதைத் தேடிப் பிடிப்பது சும்மா அல்ல. மெல்லிய வாய் வேண்டிய கைக்கத்திக்கு 0.7 முதல் 1 சதவீதம் வரை இருப்பது உத்தமம்.

கரி மட்டும் இருந்தால் போதாது, அது சரியான இடத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். குளிர்ந்த இரும்பின் அணு அடுக்கில் கார்பனுக்கு இடம் மிகக் குறைவு. சுமார் 800 டிகிரிக்குக் காய்ச்சினால் அடுக்கு மாறி, கார்பன் தாராளமாகக் கரைகிறது. அந்த நிலையில் சட்டென்று நீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்தினால் அடுக்கு பழையபடி திரும்ப முயல்கிறது. ஆனால் கார்பனுக்கு வெளியேற நேரம் இல்லை. உள்ளே சிக்கிய கார்பன் அடுக்கை இழுத்துக் கோணலாக்குகிறது. அந்தக் கோணலான, இறுகிய அடுக்குக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். கத்தியின் கடினம் முழுவதும் அதுதான். ஆனால் தோய்த்த மாத்திரத்தில் அது கண்ணாடியாக உடையும். அதனால் மறுபடி 200 டிகிரியை ஒட்டி இளஞ்சூடு காட்டி, கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுத்து உறுதியை வாங்க வேண்டும்.

தேர்ந்த கொல்லர் இந்த இரண்டு வேலையையும் ஒரே சூட்டில் முடிப்பதைப் பார்ப்பது ஒரு பாடம். அலகு நன்கு சிவந்து காயும்வரை துருத்தி ஊதி, வாய்ப்பகுதியை மட்டும் சில நொடி தோய்த்து எடுப்பார். முதுகில் சூடு இன்னும் தங்கியிருக்கும். கல்லால் ஒரு தேய்ப்புத் தேய்த்து உலோகம் பளிச்சிடச் செய்துவிட்டுக் காத்திருப்பார். முதுகுச் சூடு மெல்ல வாயை நோக்கி இறங்கி வரும்போது அந்தப் பளிச்சிட்ட இடத்தில் நிறங்கள் தோன்றும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். மழைநீரில் மிதக்கும் பெட்ரோல் படலத்தில் நிறம் தெரிவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. எஃகின் மேல் வளரும் ஆக்சைடு படலத்தின் தடிமன் கூடக்கூட ஒளி வேறு நிறமாகத் திரும்புகிறது. வைக்கோல் மஞ்சள் என்றால் சுமார் 220 டிகிரி, நீலம் என்றால் 300. கைக்கத்திக்கு வைக்கோல் மஞ்சள் வந்ததும் முழுவதையும் தோய்த்து நிறுத்த வேண்டும். வெப்பமானி இல்லாமல் 20, 30 டிகிரி துல்லியத்தில் நடக்கும் வேலை இது. பட்டறைகள் நிழலும் இருட்டுமாக இருப்பதும் உலையில் காயும் இரும்பின் நிறத்தைச் சரியாகப் பார்க்கத்தான்.

இந்த மண்ணுக்கும் எஃகுக்கும் உள்ள உறவு இன்றைய ஸ்பிரிங் பட்டையோடு தொடங்கியதல்ல. பழைய தென்னார்க்காடு மாவட்டமாக இருந்து, விழுப்புரத்தில் சேர்ந்து, 2019 நவம்பரிலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டமாக இருக்கும் இந்தப் பகுதியில், சங்கராபுரம் பக்கம் மேல்சிறுவள்ளூர் என்று ஓர் ஊர். அங்கே உலோகம் உருக்கும் மண்பாத்திரமான மூசைகளின் உடைசல்களும் கசடும் கிடந்த மேட்டை ஆராய்ந்தவர் பெங்களூரு தேசிய உயராய்வு நிறுவனத்தின் தொல்லுலோகவியல் அறிஞர் சாரதா ஸ்ரீனிவாசன். மூசைத் துண்டுகளில் ஒட்டியிருந்த உலோகத்தை நுண்ணோக்கியில் பார்த்து, அது 0.8 சதவீதத்துக்கு மேல் கார்பன் உள்ள உயர்கரி எஃகு என்று காட்டி, அதுவரை அறியப்படாத ஓர் உருக்கு உற்பத்தித் தலம் என்று 1994இல் வெளியிட்டார். உலகம் ஊட்ஸ் என்று அழைத்த எஃகின் தலங்களில் ஒன்று நம் சங்கராபுரம் பக்கம் இருக்கிறது. மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போய்க் காட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஊட்ஸ் செய்யும் முறையில் இரும்புத் துண்டையும் மரக்கரி, இலை போன்றவற்றையும் களிமண் மூசைக்குள் அடைத்து மூடி, நெடுநேரம் உலையில் வைப்பார்கள். கரியை உறிஞ்சிய இரும்புக்கு உருகுநிலை குறைகிறது. உள்ளேயே உருகிக் கட்டியாக உறைகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர் 1740களில்தான் மூசையில் எஃகை உருக்கும் முறையை உருவாக்கினார். நம் ஊர் மூசைகள் அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தவை.

நம் பேச்சுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட கத்தி ஒன்று இந்தக் கதையில் வருகிறது. பம்பாயிலிருந்து மருத்துவர் ஹெலினஸ் ஸ்காட் அனுப்பிய ஊட்ஸ் கட்டிகளை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்சன் 1795இல் லண்டன் இராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை அளித்தார். அதற்காகக் கட்டியின் ஒரு துண்டைப் பேனாக்கத்தியாக அடித்துக் கொடுத்தவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்தித் தொழிலாளர். மங்கிய செம்மைச் சூட்டிலேயே அடித்து, 232 டிகிரியில் பதம் கொடுத்தார். அதிகச் சூட்டில் அடித்தால் உயர்கரி எஃகு நொறுங்கிவிடும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பேனாக்கத்தி அன்றைய சிறந்த எஃகுக் கத்திக்கு ஈடாக வெட்டியது. ஸ்டோடார்ட் பிறகு ஊட்ஸ் கருவிகளைத் தம் கடையின் பெருமையாகவே விளம்பரம் செய்தார். அவரோடு சேர்ந்து இந்த எஃகின் ரகசியத்தைத் தேடியவர் ஒரு கொல்லரின் மகன். பெயர் மைக்கேல் பாரடே. மின்காந்தத்துக்குப் புகழ்பெறுவதற்கு முன், 1819இல் அவர் வெளியிட்டது ஊட்ஸ் எஃகின் பகுப்பாய்வு.

இதே தென்னார்க்காட்டின் கடற்கரையில், பரங்கிப்பேட்டையில், சேலத்து இரும்புத்தாதுவை நம்பி 1830இல் உருக்காலை நடத்தியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். ஆலை நிலைக்கவில்லை. ஆனால் எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால் தரம் கூடும் என்று 1839இல் அவர் எடுத்த காப்புரிமை ஷெஃபீல்டையே மாற்றியது. இன்று எந்தக் கத்தியை வாங்கினாலும் அதில் மாங்கனீசு இருக்கும்.

அடுத்த பெரிய திருப்பம் 1913 ஆகஸ்டில் ஷெஃபீல்டில். துப்பாக்கிக் குழல் தேய்வதைத் தடுக்க முயன்ற ஹாரி பிரியர்லி, 12.8 சதவீதம் குரோமியம், 0.24 சதவீதம் கார்பன் கொண்ட எஃகைத் தயாரித்தார். அது துருப்பிடிக்கவில்லை. குரோமியம் காற்றோடு சேர்ந்து சில நானோமீட்டர் தடிமனில் ஒரு படலமாகப் படிந்து இரும்பை மூடிவிடுகிறது. கீறினாலும் தானே மறுபடி மூடிக்கொள்கிறது. ஆனால் கார்பன் குறைவு, பதம் போடும் முறையும் புதிது. ஆகவே அதில் செய்த முதல் கத்திகள் வெட்டாத கத்திகள் என்று பெயர் வாங்கின. அந்தப் பெயர் இன்றும் மலிவு விலைக் கத்திகளுக்குப் பொருந்தும். தரமான துருவா எஃகில் இப்போது கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம், குரோமியம் 13 முதல் 15 சதவீதம் இருக்கிறது. அது நன்றாகவே வெட்டும்.

அப்படியானால் துருவா எஃகையே வாங்கிவிடலாமே என்று கேட்டால், எங்கே, எதை வெட்டப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும். மாங்காய், எலுமிச்சை, புளி எல்லாம் அமிலம். கரி எஃகில் இவை பட்டால் சில நிமிடத்தில் கறுக்கும், துடைக்காவிட்டால் துரு வரும், பழத்தில் இரும்பு வாடை ஏறும். கல்வராயனில் சேகரிக்கிற கடுக்காய் இன்னும் சுவாரஸ்யமானது. காய்ந்த கடுக்காய்த் தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை டானின். டானினும் இரும்பும் சேர்ந்தால் மைக்கறுப்பு. கலம்காரித் துணியில் கறுப்பு நிறம் வருவது இந்த வினையால்தான். துணியைக் கடுக்காய்ச் சாற்றில் நனைத்து, இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் வரைகிறார்கள். கரி எஃகுக் கத்தியால் கடுக்காயைக் கீறினாலும் அதே கறுப்பு அலகில் படியும். இது துரு அல்ல. சிவந்த துரு பொருக்காகி உதிர்ந்து கீழே உள்ள உலோகத்தையும் தின்னும்; இந்தக் கறுப்போ ஒட்டிக்கொண்டு துருவின் வேகத்தைக் குறைக்கும். பழைய கத்திகள் சாம்பல் கறுப்பாக இருப்பது கெட்டுப்போனதன் அடையாளம் என்று நினைத்து உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவர்கள் கத்தியின் சட்டையைக் கழற்றுகிறார்கள். சிவப்பை மட்டும் தேய்த்து எடுங்கள், கறுப்பை விடுங்கள்.

தீட்டுவதற்கு வருவோம். எனக்கு இதுவே முக்கியமான இடம். எந்தக் கத்தியும் மழுங்கும். மழுங்கியதைத் திரும்பக் கூராக்க முடியுமா என்பதே அது பத்து வருடம் உழைக்குமா, பத்து நாளில் மூலையில் கிடக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. மலையில் ஓடைக்கல்லிலும் திண்ணைக் கல்லிலும் தீட்டுகிறார்கள். அந்தக் கற்களில் அறுக்கும் வேலையைச் செய்வது குவார்ட்ஸ். அதன் கடினம் முன்பே சொன்ன 1100. எளிய கரி எஃகில் இருக்கும் இரும்புக் கார்பைடு துகளின் கடினம் சுமார் 1000. ஆகவே ஊர்க்கல் அதைத் தேய்க்கும், கத்தி கூராகும். குரோமியம் அதிகமுள்ள எஃகில் உருவாகும் குரோமியம் கார்பைடு 1600. அதைக் குவார்ட்ஸ் தொட முடியாது. சுற்றியுள்ள எஃகை மட்டும் தேய்க்கும், துகள்கள் பெயர்ந்து வாய் பற்பல்லாக நிற்கும். இணையக் கடைகளில் டி2 என்ற எஃகு பெரிதாகப் பேசப்படுகிறது. ஒன்றரை சதவீதம் கார்பன், 12 சதவீதம் குரோமியம். நெடுநாள் கூர் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் குரோமியத்தில் பெரும்பகுதியைக் கார்பைடுகளே பிடித்துக்கொள்வதால் முழுமையான துருவா எஃகும் அல்ல, மழுங்கிவிட்டால் ஊர்க்கல்லுக்கு அடங்குவதும் அல்ல. வனேடியம் சேர்ந்த விலை உயர்ந்த எஃகுகளில் கார்பைடு 2600ஐத் தாண்டும். அவற்றுக்கு வைரத்தூள் பூசிய தகடு வேண்டும். நகரத்தில் அட்டைப்பெட்டி பிரிப்பவருக்கு அது சரிப்படலாம். கல்வராயன் வெள்ளிமலையில் உழைப்பவருக்கு அது தேவையற்ற தலைவலி.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இருபக்கக் கார்போரண்டம் கல் நடுத்தர எஃகு அனைத்துக்கும் போதும். அதில் அறுப்பது சிலிக்கன் கார்பைடு, அதன் கடினம் 2500. அமெரிக்காவில் எட்வர்ட் ஆச்சிசன் 1891இல் மின்உலையில் உண்டாக்கியது. நம் சென்னையிலேயே 1954இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் தேய்ப்புக்கற்களைத் தயாரித்து வருகிறது. சொரசொரப்புப் பக்கத்தில் நீர் தெளித்து, சரிவு மாறாமல் ஒரு பக்கமாகத் தீட்டினால் மறுபக்கம் விரலில் பிசிறு தட்டுப்படும். பிசிறு வந்துவிட்டதென்றால் கல் வாயின் நுனியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். உடனே அடுத்த பக்கம். கடைசியில் வழவழப்புப் பக்கத்தில் மென்மையாக இரண்டு பக்கமும், பிறகு பழைய தோல் பெல்ட்டில் பின்னிழுப்பு. தெருவில் சக்கரச் சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் நீர் விடாமல் அழுத்த விடாதீர்கள். மெல்லிய வாய் நொடியில் 300 டிகிரி தாண்டும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விட்டது. அந்தப் பகுதியை முழுவதும் தேய்த்து நீக்கினால்தான் அடியில் நல்ல எஃகு வரும்.

மடங்கும் மூட்டுதான் மடக்குக்கத்தியின் சௌகரியம், அதன் பலவீனமும் அதுவே. மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆணி ஒன்றில் அலகு தொங்குகிறது. ஓங்கி வெட்டவும், சுத்தியால் தட்டிப் பிளக்கவும், மூடியை நெம்பவும் அது செய்யப்பட்டதல்ல. ஷெஃபீல்டு பாணிப் பழைய பேனாக்கத்திகளில் முதுகுவில் ஒன்று அலகைத் திறந்த நிலையில் அழுத்திப் பிடிக்கும், பூட்டாது. முனையால் குத்தினாலோ முதுகில் அழுத்தம் விழுந்தாலோ அலகு விரல்மேல் மடங்கும். பழத்துக்கும் நூலுக்கும் இது போதும். மூட்டை, குழாய், கரணை என்று விசை கொடுக்கும் வேலைக்குப் பூட்டு உள்ளதை வாங்குங்கள். பூட்டுகளில் எனக்குப் பிடித்தது பிரான்சின் ஒப்பினெல் கத்தியில் 1955இல் வந்த வளையம். கழுத்தைச் சுற்றி ஒரு வளையத்தைத் திருப்பினால் அலகு நகராது. உள்ளே ஒளிந்த நுண்ணிய பாகம் கிடையாது, மண் புகுந்தாலும் ஊதித் தட்டிவிடலாம். மரப்பிடி மழையில் ஊறினால் உப்பி அலகு இறுகுவது அதன் குறை. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் போன்ற பல கருவிக் கத்திகள் துருவா எஃகை வேண்டுமென்றே நடுத்தரக் கடினத்தில், ராக்வெல் என்ற இன்னொரு கடின அளவில் 56ஐ ஒட்டி, வைக்கின்றன. எளிதில் மழுங்கும், எளிதில் தீட்டப்படும். அது நல்ல முடிவு.

பட்டனைத் தட்டினால் பாயும் கத்தியை வாங்காதீர்கள். வேலைக்கு அதில் ஒரு பயனும் இல்லை, சோதனையில் மாட்டினால் விளக்கம் சொல்ல வேண்டிவரும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான், அதுவும் வீட்டு, வேளாண், அறிவியல், தொழில் பயன்பாட்டுக்கு வடிவமைக்காதவற்றைத்தான் ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. எட்டு சென்டிமீட்டர் கைக்கத்தி அதற்கு வெகு கீழே.

மூட்டுக்கு எண்ணெய் விடும்போது நல்லெண்ணெய் வேண்டாம். காற்றில் ஆக்சிஜனைப் பிடித்து நாளடைவில் பிசினாகும். தேங்காய் எண்ணெய் அப்படிப் பிசினாகாது, ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழியில் மலைமேல் கத்தி திறக்காது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு இரண்டு குறையும் இல்லாதது. பலாப்பால் ஒட்டினால் மட்டும் தேங்காய் எண்ணெயைத் தடவித் துடையுங்கள், பால் கரைந்து வரும்.

கடையில் நிற்கும்போது கையில் ஒரு சிறு காந்தமும் ஒரு சிறு அரமும் இருந்தால் போதும். காந்தம் ஒட்டாத அலகு பாத்திரம் செய்யும் எஃகு. அதற்குப் பதம் ஏறவே ஏறாது, திருப்பிக் கொடுங்கள். ஒட்டினால், கடைக்காரர் சம்மதத்தோடு அலகின் அடிப்பகுதியில், பிடியை ஒட்டி, அரத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் பதம் இருக்கிறது. கவ்விப் பொடி உதிர்த்தால் கம்பிதான். திறந்து பூட்டியபின் அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. மடித்தபின் முனை பிடிக்குள் முழுவதும் அடங்க வேண்டும். ரம்பப் பல் உள்ள வாய் கயிற்றை வேகமாக அறுக்கும், ஆனால் ஊர்க்கல்லில் தீட்ட முடியாது, நேர்வாயே நல்லது. பிடி உள்ளங்கையை நிரப்ப வேண்டும், வியர்வையில் வழுக்கக் கூடாது. மரப்பிடியோ பிளாஸ்டிக் பிடியோ எதுவானாலும் பம்புசெட் வயரின் தோலைச் சீவுமுன் மெயின் சுவிட்சை அணைத்தே தீர வேண்டும்.

பழைய மடக்குக்கத்தியின் அலகு தேய்ந்துபோனால் தூக்கி எறியாமல், புது அலகு அடித்துத் தரும் கொல்லரைத் தேடலாம். கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தச் சிற்பிகளின் உளி நாள் முழுக்கக் கொட்டாப்புளி அடி வாங்கியும் வாய் மடங்காமல் நிற்க வேண்டும்; பதம் தெரிந்த கொல்லர் யார் என்று அவர்களுக்குத் தெரியும். கேட்டுப் போங்கள். அங்கே லாரிப் பட்டையா, பழைய அரமா என்று கேளுங்கள். கைக்கத்திக்குக் கார்பன் அதிகமுள்ள பழைய அரம்தான் பொருத்தம்.

கொல்லையிலும் காட்டிலும் கயிறு, குச்சி, மூட்டை என்று உழைப்பவர் பூட்டுள்ள, மெல்லிய, கரி எஃகு அலகை வாங்கட்டும். மாலையில் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவ ஒரு நிமிடம்தான். பழம் நறுக்குபவர், மழையில் நனைபவர், துடைக்க மறப்பவர் ராக்வெல் 56 கடினத்தை ஒட்டிய எளிய துருவா எஃகை வாங்கட்டும். இரண்டு பேரும் கத்தி வாங்கும் அன்றே ஒரு இருபக்கத் தீட்டுக்கல்லையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் மலிவான கத்தியை எடுத்துக்கொண்டு கல்லை நல்லதாக வாங்குங்கள்.